லீஸ் 80 வருடத்தை நெருங்குகிறதா? புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

இங்கிலாந்தில் லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் (லீஸில் சொன்ன வருடங்களுக்கு மட்டும் நம்முடையது, பிறகு ஃப்ரீஹோல்டர் எனும் நிலச் சொந்தக்காரருக்குத் திரும்பும்) வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது சொல்வது ஒன்றுதான்: "புதுச் சட்டம் வருதாம், வரட்டும், பிறகு லீஸை நீட்டலாம்." 65, 70 வருடம்தான் மிச்சம் என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. 81, 82இல் நிற்பவர் காத்திருப்பது சூதாட்டம். ஜெயித்தாலும் கையில் பெரிதாக எதுவும் வராத சூதாட்டம்.

இன்னும் நடைமுறையில் இருப்பது 1993 சட்டம். அதன்படி, மிச்சமிருக்கும் காலத்தோடு இன்னொரு 90 வருடம் சேரும், கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்கு வருடாவருடம் கட்டும் நில வாடகை) பூஜ்யமாகும். அதற்கு நாம் கொடுக்கும் தொகையில் மூன்று பங்கு. ஃப்ரீஹோல்டர் இழக்கிற கிரவுண்ட் ரென்டுக்கு ஈடு ஒன்று. வீடு அவர் கைக்குத் திரும்புவது 90 வருடம் தள்ளிப்போவதற்கு ஈடு இன்னொன்று. மூன்றாவதுதான் வில்லங்கம்: மேரேஜ் வேல்யூ. லீஸ் நீள்வதால் ஏறுகிற மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். லீஸை நீட்டக் கேட்டு நாம் நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 வருடத்துக்கு மேல் மிச்சமிருந்தால் இந்த மூன்றாவது பங்கு கிடையாது.

300,000 பவுண்டு ஃப்ளாட், ஏறாத கிரவுண்ட் ரென்ட் வருடத்துக்கு 100 பவுண்டு என்று வையுங்கள். பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் விகிதம் ரென்டுக்கு 6 சதவீதம், வீடு திரும்புவதற்கு ஸ்போர்டெல்லி வழக்கின் 2006 தீர்ப்பிலிருந்து வழக்கமாகிவிட்ட 5 சதவீதம் என்று போட்டால், எண்பதரை வருடம் மிச்சமிருக்கும்போது சுமார் 7,500 பவுண்டு வரும். அதே ஃப்ளாட் 78க்கு இறங்கினால் முதல் இரண்டு பங்கும் சேர்ந்து 8,200தான். ஆனால் நீட்டாத லீஸோடு அதன் மதிப்பு 282,000 என்று எடுத்தால், மேரேஜ் வேல்யூவில் நம் தலையில் விழும் பாதி கிட்டத்தட்ட 4,900. மொத்தம் 13,100. இரு தரப்பு சர்வேயர்களும் மல்லுக்கட்டுவது அந்த 282,000 என்ற ஒரே எண்ணில்தான்.

2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழிக்கிறது, 90ஐ 990 ஆக்குகிறது. ஆனால் இதை எழுதும்போது இந்தப் பகுதிகள் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஜனவரி 31 முதல் வந்தது, இரண்டு வருடம் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தால்தான் நோட்டீஸ் கொடுக்கலாம் என்ற விதியின் நீக்கம். 80க்கு மேல் இருப்பவருக்கு மேரேஜ் வேல்யூ ஏற்கெனவே இல்லை. இல்லாததை ஒழித்து அவருக்கு என்ன லாபம்? எதிர்த்தரப்பு வக்கீல், சர்வேயர் செலவை நாம் சுமக்க வேண்டாம் என்பது மட்டும் நிஜமான மிச்சம். கிரவுண்ட் ரென்ட் பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் லீஸ் என்றால் விஷயம் வேறு. புதுச் சட்டம் கணக்கில் எடுக்கும் ரென்டை வீட்டு மதிப்பின் 0.1 சதவீதத்தோடு நிறுத்துகிறது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எத்தனை வருடம் மிச்சம் என்பதை வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டி டைட்டில் ரெஜிஸ்டரை எடுத்தால், '2008 மார்ச் 25 முதல் 99 வருடம்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். நீங்கள் 2015இல் வாங்கியிருந்தாலும் கணக்கு 2008இலிருந்துதான். அந்த லீஸ் 2027 மார்ச்சில் 80ஐத் தொடும்.

செக்‌ஷன் 42 நோட்டீஸை (1993 சட்டப்படி லீஸை நீட்டக் கேட்கும் அந்த நோட்டீஸ்தான்) இணையத்தில் கிடைக்கும் மாதிரியை வைத்து நாமே நிரப்பி அனுப்புவது வேண்டாத வேலை. ஃப்ரீஹோல்டருக்கும் நமக்கும் நடுவே ஹெட்லீஸ்காரர் (ஃப்ரீஹோல்டரிடம் லீஸ் எடுத்து, அதிலிருந்து நமக்கு லீஸ் கொடுத்தவர்) ஒருவர் இருந்தால், சட்டப்படி யார் எதிர்த்தரப்பு என்பதே மாறலாம். கூட்டு உரிமை என்றால் இருவர் பெயரிலும் போக வேண்டும். நோட்டீஸில் நாம் தர முன்வரும் விலையைக் கண்டபடி குறைத்துப் போட்டால் நோட்டீஸே செல்லாது. 100 பவுண்டு என்று எழுதிக் கொடுத்து கோர்ட்டில் தோற்ற வழக்கு உண்டு. சர்வேயர் சொல்லும் வரம்பின் அடி எண்ணைப் போடுங்கள். அதில் 10 சதவீதத்தை (குறைந்தது 250 பவுண்டு) டெபாசிட்டாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, பணம் தயாராக இருக்கட்டும்.

பதில் நோட்டீஸ் தர எதிர்த்தரப்புக்கு நாம் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அதற்குள் அவர்கள் பதிலே தராவிட்டால் ஆறு மாதத்துக்குள் கவுன்டி கோர்ட்டுக்குப் போய் நாம் எழுதிய விலைக்கே லீஸ் வாங்கலாம். பதில் வந்துவிட்டால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விலை ஒத்துவரவில்லை என்றால், பதில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்த பின், ஆறு மாதம் முடியும் முன், டிரைபியூனலில் (இப்படிப்பட்ட விலைத் தகராறைத் தீர்க்கும் தீர்ப்பாயம்) விண்ணப்பம் போட்டாக வேண்டும். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று அந்த நாளை விட்டால் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகவே அர்த்தம். அவர்கள் செலவையும் கட்டி, 12 மாதம் புது நோட்டீஸ் கொடுக்க முடியாமல் உட்கார வேண்டும். அதற்குள் லீஸ் 80க்குக் கீழே போயிருக்கும்.

நோட்டீஸ் இல்லாமல் நேரே பேசி முடிக்கலாம் என்று ஃப்ரீஹோல்டரிடமிருந்து கடிதம் வரும். சில சமயம் அது மலிவாகவே முடியும். ஆனால் அந்தப் பேச்சு கடிகாரத்தை நிறுத்தாது. எந்த நாளும் அவர்கள் பின்வாங்கலாம், நாம் டிரைபியூனலுக்கும் போக முடியாது. பழைய காலம் முடியும்வரை கிரவுண்ட் ரென்டும் தொடரலாம். லீஸில் வேறு எந்த ஷரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று சொலிசிட்டர் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

80க்கு மூன்று மாதம் இருக்கும் ஃப்ளாட்டை வாங்குபவர்களுக்கு ஒன்று. இரண்டு வருட விதி போய்விட்டது, சாவி வாங்கியதும் நானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். நோட்டீஸ் கொடுக்க லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். விற்பவரையே நோட்டீஸ் கொடுக்க வைத்து, அதன் உரிமையை லீஸ் கைமாறும் அதே நாளில் எழுத்தில் உங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் முன்பின் ஆனாலும் அந்த நோட்டீஸ் செத்துவிடும்.