தொழில்முனைவுப் பாடம் பிசினஸ் பிளான் எழுதுவதோடு முடிவதில்லை

"இன்ஜினியரிங் படிப்பில் தொழில்முனைவுப் பாடம் என்றால் ஐம்பது பக்க பிசினஸ் பிளான் எழுதி மார்க் வாங்குவதுதான், உலகம் முழுக்க இதே கதை" என்று சொல்லியிருக்கிறீர்கள். பல கல்லூரிகளுக்கு அது பொருந்தும். உலகம் முழுக்க என்பது சரியில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொறியியல் பள்ளியில் 2011-இல், பல நிறுவனங்களைத் தொடங்கிய அனுபவமுள்ள ஸ்டீவ் பிளாங்க் ஆரம்பித்த லீன் லாஞ்ச்பேட் வகுப்பு, பிசினஸ் பிளானையே தூக்கிப் போட்டது. மாணவர்கள் வாராவாரம் வெளியே போய், தங்கள் பொருளை வாங்கக்கூடியவர்களிடம் பேச வேண்டும். கேட்டதை அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். தங்கள் ஊகம் தப்பாகியிருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

முதல் வகுப்பிலேயே ஒரு குழு, தானாக ஓடும் புல்வெட்டி செய்யப் போகிறோம் என்று வந்தது. ஆட்களிடம் பேசப் பேச அதைக் கைவிட்டு, கேரட் வயலில் களை எடுக்கும் இயந்திரத்துக்கு மாறினார்கள். அப்புறம் லெட்டூஸ் கீரை வயலில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் அதிகப்படியானதை நீக்கும் இயந்திரம். அந்தக் குழு தொடங்கிய நிறுவனம்தான் புளூ ரிவர் டெக்னாலஜி. 2017-இல் விவசாய இயந்திரங்கள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் அதை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. வகுப்பு மட்டுமே அந்த வெற்றியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புல்வெட்டியை விடவைத்தது அங்கே கட்டாயமாக்கப்பட்ட அந்தப் பேச்சுதான்.

அதே 2011-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்த முறையை ஐ-கோர் என்ற பெயரில் ஆய்வாளர்களுக்கும் கொண்டுபோனது. அங்கே ஒரு குழு ஏழு வாரத்தில் குறைந்தது 100 பேரிடம் பேச வேண்டும். நம் கல்லூரிப் பாடத்திட்டத்தைக் குறை சொல்வதென்றால், இதை வைத்து ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.