லூவ்ரில் தலை கிறுகிறுத்தால் தப்பு உங்கள் மேல் இல்லை

பாரிஸ் போய் வருகிறவர்கள் லூவ்ர் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு குற்ற உணர்ச்சி தெரியும். "நமக்கு ஓவியமெல்லாம் எங்கங்க புரியுது, ரெண்டு மணி நேரத்துல தலை சுத்திருச்சு." ஓவியம் புரியாததற்கும் தலை சுற்றுவதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். அங்கே காட்சிக்கு இருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்குப் பத்தே நொடி என்றாலும் 97 மணி நேரம். காலை 9 முதல் மாலை 6 வரை சோறு தண்ணி இல்லாமல் பார்த்தால் கிட்டத்தட்ட 11 நாள். இதை ஒரு மதியத்துக்குள் அடக்கப் பார்த்தால் யாருக்குத்தான் கிறுகிறுக்காது?

1916-லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் கில்மன் இதை 'மியூசியம் களைப்பு' என்று எழுதிவிட்டார். ஓர் ஆளைக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் நிறுத்தி, உள்ளே இருப்பதைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, அவர் பதில் தேடும்போது படம் எடுத்தார். அந்த மனிதர் இடுப்பை ஒடித்துக் குனிகிறார், முட்டி போடுகிறார், கழுத்தை வளைக்கிறார். பொருள்களைக் காட்சிக்கு வைத்த விதம்தான் கோளாறு என்றார் கில்மன்.

கால் வலிக்கும் காரணம் உண்டு. வேகமாக நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி இளகி ரத்தத்தை மேலே தள்ளும். நாலு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு அடி என்றால் அந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். அதனால்தான் கடைத்தெருவில் மணிக்கணக்கில் அலைகிறவர்கள்கூட இங்கே ஒரு மணி நேரத்தில் பெஞ்சைத் தேடுகிறார்கள். பிளாரன்ஸில் கலையைக் கண்டு மயங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்து, மனநல மருத்துவர் கிராசியெல்லா மகெரினி 'ஸ்டென்டால் நோய்' என்று பெயர் சூட்டியது வேறு விஷயம். நம்மில் பெரும்பாலோருக்கு வருவது பசியும் கால்வலியும்தான்.

பெரிய தவறு நடப்பது லூவ்ரின் நுழைவாயிலான கண்ணாடிப் பிரமிடின் அடியில். அங்கிருந்து தெனோன், சுல்லி, ரிஷெலியு என்று மூன்று பக்கம் வழி பிரியும். மோனலிசா படம் போட்ட அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கூட்டம் முழுக்கத் தெனோன் பக்கம் சாயும். முட்டி மோதி 711-ஆம் அறைக்குள் போனால், 77 செ.மீ. உயரப் படத்தைக் கண்ணாடிக்குப் பின்னால், பத்துப் பேர் செல்போன்களுக்கு இடையில் அரை நிமிடம் பார்க்கலாம். பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பார்களே என்றால் போய்விட்டு வாருங்கள். ஆனால் அங்கேயே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். வெரோனேசே 1563-இல் முடித்த 'கானா ஊர்த் திருமணம்', கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். நடுவில் ஏசு. அவர் தலைக்கு நேர் மேலே, மாடியில் ஒருவர் இறைச்சி வெட்டுகிறார். கீழே வாத்தியக்காரர்கள் நடுவே மேசைமேல் ஒரு மணற்கடிகை. வலது ஓரத்தில் மஞ்சள் உடைக்காரர் ஜாடியைச் சாய்த்து ஊற்ற, கீழே பூனை ஒன்று இன்னொரு ஜாடியைப் பிறாண்டுகிறது. இந்த ஒரு படத்துக்கே பதினைந்து நிமிடம் தகும். முக்கால்வாசிப் பேர் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: ஒரு வருகைக்கு ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரம், ஐந்து படைப்பு. முதல் தடவை என்றால் ரிஷெலியு. கூட்டம் குறைவு. செவ்வாய் விடுமுறை, புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும், அந்த மாலைகள் நல்லது. எல்லா அறையும் எல்லா நாளும் திறந்திருக்காது, இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. குளிர்காலக் கோட் இருந்தால் அங்குள்ள லாக்கரில் பூட்டிவிடுங்கள். உள்ளே அதைச் சுமப்பதே பாதிக் களைப்பு.

நேராக இரண்டாம் மாடிக்கு ஏறி, இறங்கிக்கொண்டே பாருங்கள். மேலே வெர்மீரின் 'பின்னல்காரி' இருக்கிறாள். 24-க்கு 21 செ.மீ., ஒரு நோட்டுப் புத்தகம்தான். அவள் விரல் நடுவே இழுபட்ட நூல் கூர்மையாக இருக்கும். முன்னால் மெத்தையிலிருந்து வழியும் சிவப்பு, வெள்ளை நூல்களோ கலங்கி, சொட்டிய சாயம் மாதிரி. முதலில் படம், பிறகு பெயர்ப்பலகை. பலகையை முதலில் படித்தால் கண் சோம்பேறியாகிவிடும்.

போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுப் பொருளையும் படம் பிடித்தவர்களுக்கு அது குறைவாகவே நினைவில் நிற்கிறது, ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை என்று உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆகவே நூலை மட்டும் எடுங்கள்.

ஒரே வரியை இரண்டு முறை படித்தாலோ, அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்பதைவிட எங்கே உட்காரலாம் என்று கண் தேடினாலோ, அன்றைக்கு அவ்வளவுதான். கீழே இறங்கி மார்லி முற்றத்துக்கு வாருங்கள். மேலே கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம், திமிறி நிற்கும் கூஸ்தூவின் பளிங்குக் குதிரைகள். பத்து நிமிடம் உட்காருங்கள். பக்கத்திலேயே வெளியே போகும் வழி.