அந்தக் குழந்தை ஏற்கெனவே வகுப்பில்தான் இருக்கிறது

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரண்டு அம்மாக்களோடு ஒரு சிறுமி இருக்கும் அந்தப் படத்தின் மேல், பெற்றோர் சிலர் கையெழுத்து இயக்கம் நடத்தியதும், வெள்ளைத் தாள் ஒட்டியாகிவிட்டது. சந்தோஷமா? நேற்றிலிருந்து என் டைம்லைனில் ஒரே வெற்றி விழா. 'பெற்றோர் ஒற்றுமை வென்றது' என்கிறார் ஒருவர். 'இனி நம் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள்' என்கிறார் இன்னொருவர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். கைகூப்பும் எமோஜி ஒன்று வந்தது. அத்தோடு சரி.

படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால் முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 'என் குடும்பம்' என்று ஒரு பாடம். பாட்டியோடு வளரும் பையன், அப்பா மட்டும் உள்ள பெண், பெரிய கூட்டுக் குடும்பம் என்று பக்கம் முழுக்கப் படங்கள். ஒரு மூலையில் இரண்டு பெண்களும் ஒரு சிறுமியும். ஒருவர் அவளுக்கு ஷூ மாட்டிவிடுகிறார், மற்றவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. ஷூ மாட்டுவதற்கா இத்தனை ஆவேசம்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் படம் வகுப்புக்குள் புதிதாக யாரையும் கூட்டிவரவில்லை. அந்தக் குழந்தை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பிள்ளையிடம் பென்சில் கடன் வாங்குகிறது, விளையாட்டில் சண்டை போடுகிறது.

தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் மகளுக்கு இரண்டு அம்மாக்கள். ஒருவர் அம்மா, இன்னொருவர் மம்மி. போன வருடம் வீட்டுப்பாடத்துக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். 'தாயின் பெயர்', 'தந்தையின் பெயர்' என்று இரண்டு கோடுகள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாவது கோட்டில் மம்மியின் பெயரை எழுதிவிட்டாள். தாள் திரும்பி வந்தபோது அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. 'மாமா, டீச்சருக்கு மம்மி பேர் படிக்கத் தெரியல போல' என்று என்னிடம் காட்டினாள். தங்கை சிரித்து மழுப்பிவிட்டாள். அந்தப் பெயருக்கு உரியவர் அன்று யாரோடும் சரியாகப் பேசவில்லை.

'குழந்தைகள் புத்தகத்தில் செக்ஸ் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு: அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பார்த்தால் உங்களுக்குப் படுக்கையறை ஞாபகம் வருகிறதா? வராதில்லையா? அப்புறம் இங்கே மட்டும் ஏன் வருகிறது? யோசனை ஓடுவது உங்கள் தலைக்குள். பழி மட்டும் ஓவியர் மேல்.

'இதைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படி ஆகிவிடுவார்கள்.' என் தங்கை படித்த பாடப் புத்தகம் ஒவ்வொன்றிலும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கைதான். நானும் அதே புத்தகங்களைத்தான் படித்தேன். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

'இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி.' தைவானில் ஒருபாலினத் திருமணம் 2019லேயே சட்டமாகிவிட்டது, தாய்லாந்தில் 2025 ஜனவரியில். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

பெற்றோர் உரிமை என்ற வாதம் வேறு. அதை நான் முழுக்க ஒதுக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னதைப் பலர் இங்கே பகிர்ந்திருக்கிறீர்கள். மேரிலாண்டின் மாண்ட்கோமரி கவுண்டியில் இத்தகைய கதைப் புத்தகங்களை வகுப்பில் வாசிக்கும்போது, மத நம்பிக்கை காரணமாக விரும்பாத பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் தந்து, பிள்ளையை விலக்கிக்கொள்ள விட வேண்டும் என்றது. புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை, அதையும் சேர்த்துப் பகிருங்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டுதான். ஆனால் பாடம் ஆரம்பிக்கும்போது பத்துப் பிள்ளைகள் எழுந்து வெளியே போவதை நினைத்துப் பாருங்கள். யார் வீட்டைப் பார்க்கக் கூடாதென்று போகிறார்கள் என்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த ஒருத்திக்குப் புரியாதா? அவளும் ஒரு பெற்றோரின் பிள்ளைதான். அந்தப் பெற்றோருக்கு எந்த உரிமையும் கிடையாதா?

வெள்ளைத் தாள் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. அப்பாவோடும் அவருடைய துணைவரோடும் வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய டேனிஷ் புத்தகத்தை வைத்து 1980களில் பிரிட்டனே அல்லோலகல்லோலப்பட்டது. 1988இல் பிரிவு 28 வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலின உறவை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற சட்டப் பிரிவு அது. இப்படிப்பட்ட குடும்பங்களைப் 'பாசாங்கு' உறவு என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும்தான் அது ஒழிந்தது. அதுவரை அந்தக் குழந்தைகள் எங்கே போயிருந்தார்கள்? வகுப்பில்தான். வீட்டைப் பற்றி வாயைத் திறக்காமல்.

சிங்கப்பூரில் 2014இல் பென்குவின்கள் மாட்டின. நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பென்குவின்கள் ஒரு குஞ்சை வளர்த்த உண்மைக் கதையைச் சொல்லும் குழந்தைகள் புத்தகம். தேசிய நூலகம் குழந்தைகள் பகுதியிலிருந்து அதை எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றியது. பென்குவினுக்கே வயது வரம்பு! குடும்பங்களைப் பற்றிய இன்னொரு புத்தகத்தை அதற்குள் கூழாக்கி முடித்திருந்தார்கள்.

'ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறீர்கள்?' என்று இன்பாக்ஸில் ஒரு நண்பர். ஒரு படத்துக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தியவர்களிடம் இதைக் கேட்டீர்களா நண்பரே? அவர்கள் செய்தால் அக்கறை, நான் எழுதினால் உணர்ச்சிவசமா?

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த வெற்றிப் பதிவுகளில் ஒன்றின் கீழே 'சரியான செருப்படி' என்று எழுதியிருப்பவர் எங்கள் சித்தப்பா. தங்கை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவள் பிறந்தநாளுக்கு மூன்று பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்து, 'என் செல்லங்கள்' என்று போட்டவர். அந்தப் படம் இன்னும் அவர் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் கீழே போனால் கிடைக்கும்.

சித்தப்பா, செருப்படி யாருக்கு விழுந்தது என்று எழுதும்போது யோசித்தீர்களா? தங்கை அதைப் பார்த்துவிட்டாள். உங்களிடம் கேட்க மாட்டாள், அவள் சுபாவம் உங்களுக்கே தெரியும். அதனால் நான் கேட்கிறேன், எல்லோர் முன்னாலும். போன் பண்ணி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். முதலில் அந்தக் கமெண்டை எடுங்கள்.