‘எல்லோரையும் மதிக்கிறோம்’ என்பது பதில் இல்லை

போன வாரம் இங்கே பிரிட்டனில், ஓட்டுக் கேட்டு ஒரு கட்சிக்காரப் பையன் வாசலுக்கு வந்தான். பெண்களுக்கு மட்டுமான இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருவதில் உங்கள் கட்சியின் நிலைப்பாடு என்ன என்று கேட்டேன். கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “நாங்கள் எல்லோரையும் மதிக்கிறோம்” என்றான். சரி, நானும்தான் மதிக்கிறேன். நான் கேட்டது அது இல்லையே!

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், தகுந்த காரணம் இருந்தால் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு சேவையை நடத்தலாம் என்கிறது. ‘நடத்தலாம்’, அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலினத்தையே, அதாவது பிறப்பிலேயே அமைந்ததையே குறிக்கும் என்று 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இதை ஒரு தரப்பின் வெற்றியாகப் பார்க்கவேண்டாம், திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தொடர்கிறது என்றும் சேர்த்தே சொன்னார்கள். இந்தப் பாதியை ஏனோ யாரும் பகிர்வதில்லை.

தீர்ப்பு வந்தாயிற்றே, இனி கட்சிகளிடம் என்ன கேள்வி என்கிறார்கள் நண்பர்கள். நீதிமன்றம் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லும். எழுதுவதும் திருத்துவதும் நாடாளுமன்றம். 2024 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி சட்டத்தைத் திருத்துவோம் என்றது, லேபர் இருப்பதே போதும் என்றது. பிடிக்கிறதோ இல்லையோ, இரண்டும் பதில்கள். ‘மதிக்கிறோம்’ எந்தக் கணக்கில் வரும்?

சில வருடங்களுக்கு முன், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் மொழிபெயர்க்கப் போவேன். தமிழ்ப் பெண் ஒருவர், குளிக்கப் போகுமுன் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்து பார்ப்பார். “வெளியே ஆம்பளைக் குரல் கேக்குதாக்கா?” என்பார். வந்தது குழாய் ரிப்பேர்காரராகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் போகும்வரை இவர் குளிக்கமாட்டார். அந்த வீட்டை நடத்தியவர்கள் நான்கு பேர். யாரைச் சேர்ப்பது, யார் வழக்குப் போடுவார்கள், நிதி நின்றுபோகுமா என்ற கவலையெல்லாம் அவர்கள் தலையில்தான். ‘நடத்தலாம்’ என்ற சொல்லின் விலை அது.

எனக்கு வேண்டியது ‘நடத்தவேண்டும்’. காப்பகம், சிறை, மருத்துவமனை வார்டு, இந்த மூன்றிலாவது. புதுமை ஒன்றும் இல்லை. பெண் கைதிகளைத் தனியே வைக்கவேண்டும், பெண் காவலர்களே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று 1823லேயே சிறைச் சட்டம் சொன்னது. சிறைச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய எலிசபெத் ஃப்ரை லண்டனின் நியூகேட் சிறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களை விடாமல் நச்சரித்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

திருநங்கைகள் எங்கே போவார்கள் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது, அதற்கும் கட்சிகள்தான் பதில் சொல்லவேண்டும். பணியிடக் கழிவறைகளுக்கு 1992 விதிகளில் ஒரு வழி இருக்கிறது: உள்ளே தாழிடக்கூடிய முழுத் தனி அறையாக இருந்தால் ஆண், பெண் என்று பிரிக்கத் தேவையில்லை. பெண்கள் பகுதியை அப்படியே வைத்து, அப்படிப்பட்ட அறைகளைக் கூடுதலாகக் கட்டலாம். காசு செலவாகும். அதனால்தான் எந்தத் துண்டறிக்கையிலும் அது இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த கட்சி சனிக்கிழமை வருகிறதாம், சீட்டுப் போட்டிருக்கிறார்கள். ‘நடத்தலாமா, நடத்தவேண்டுமா? பணம் யார் தருவது?’ என்று தாளில் எழுதி, பேனாவோடு வாசலில் வைத்திருக்கிறேன். பதிலை அவர்கள் கையாலேயே எழுதட்டும்.