கணக்கு எழுதுவது கேலிக்குரிய வேலையா?

சனிக்கிழமை மாலை நடந்த இணையவழிக் கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிப் வடிவமைப்பு மென்பொருள் துறைக்கு என்று இருக்கும் வணிகச் சங்கம் என்னதான் செய்கிறது என்று ஒரு மாணவி நேர்மையாகக் கேட்டார். “ஆண்டுக்கு ஒரு விருது, ஒரு விருந்து, நாலு கணக்குத் தாள்” என்று அண்ணன் சொன்னார். திரையில் இருந்த அத்தனை முகங்களும் சிரித்தன. கல்லூரிக் காலத்திலிருந்து நான் அண்ணா என்றே அழைத்துவரும் மனிதர் என்பதால் பெயர் சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். “அந்தக் கணக்குத் தாளையும் முகநூலில் தமிழில் விளக்கி எழுத ஓரிருவர் இருக்கிறார்கள்” என்று அடுத்த வரியில் சேர்த்துக்கொண்டார். அந்த ஓரிருவரில் ஒருவன் நான். இன்னொருவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் தேடிப்போய்க் கை குலுக்குவேன்.

முதலில் அந்த மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கம், இடிஏ (சிப் வடிவமைப்பு மென்பொருளுக்கான ஆங்கிலச் சுருக்கம்) கன்சார்ட்டியம் என்று பல காலம் அறியப்பட்ட அமைப்பு, 2016 இல் ஈஎஸ்டி அலையன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018 இல் அரைக்கடத்தித் தொழிலின் பெரிய சங்கமான செமியின் குடைக்குள் வந்தது. அது செய்யும் வேலைகளில் முதன்மையானது, அண்ணன் கேலி செய்த அதே கணக்கு. தனியார் நிறுவனங்கள், பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் என்று எல்லோருடைய வருவாயையும் திரட்டி, எந்த வகை மென்பொருள் எந்த வட்டாரத்தில் எவ்வளவுக்கு விற்றது என்று காலாண்டுதோறும் ஒரே அட்டவணையாக்கித் தருகிறது. 2024 கடைசிக் காலாண்டில் அந்தத் தொகை ஏறத்தாழ 493 கோடி டாலர். அதே ஆண்டில் உலக அரைக்கடத்தி விற்பனை 60,000 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு சிறிய துறையின் தோளில் அவ்வளவு பெரிய தொழில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம் எண்ணாகச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதியதால்தான் முடிகிறது.

கணக்கு எழுதுவதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்கு இந்தத் துறையின் குணம் தெரியாது என்றே சொல்வேன். இங்கே யாரும் யாரையும் நம்பியதில்லை. கேடன்ஸ் என்ற பெரிய சிப் வடிவமைப்பு மென்பொருள் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய நிறுவனம் அவாண்டி. கேடன்ஸின் நிரல் வரிகளைத் திருடியதாகப் புகார் எழுந்து, 1995 டிசம்பரில் அவாண்டி அலுவலகத்தில் சோதனை நடந்தது. குற்ற வழக்கு 2001 இல்தான் முடிந்தது. மறு ஆண்டே கேடன்ஸின் போட்டியாளரான சினாப்சிஸ் அவாண்டியை வாங்கிக்கொண்டது. இப்படி ஒருவர் நிரலை ஒருவர் திருடியதாக நீதிமன்றம் ஏறியவர்கள் தங்கள் விற்பனைக் கணக்கை ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றால், அந்த மேசை அவர்களில் எவருடையதாகவும் இருக்க முடியாது. அந்த மேசையைப் போடுவதுதான் சங்கத்தின் வேலை. என்னைக் கேட்டால், மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். பக்கத்து மண்டிக்காரர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த வியாபாரிகள்கூட, விரலி என்ன விலைக்குப் போனது, கிழங்கு என்ன விலைக்குப் போனது என்று சங்கத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பாமல் கடையைச் சாத்தியதில்லை என்று அவர் சொல்வார். அப்பாவின் வேலையை ‘வெறும் கணக்குப்பிள்ளை’ என்று உறவினர் ஒருவர் கல்யாணப் பந்தியில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்றது என்று இப்போது எழுதும்போதுதான் புரிகிறது. போகட்டும்.

மூன்று பெரிய நிறுவனங்கள்தான் சந்தையில் பெரும்பங்கு வைத்திருக்கின்றன, அவற்றின் காலாண்டு முடிவுகள் எப்படியும் வெளியாகின்றன, மூன்றையும் கூட்டிக்கொள்ள ஒரு சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். கூட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்றான மென்டர் கிராஃபிக்ஸை 2017 இல் சீமென்ஸ் வாங்கியது. அன்றிலிருந்து அதன் எண்கள் அந்தப் பெருநிறுவனக் கணக்கின் கடலில் கரைந்துவிட்டன. சினாப்சிஸ், பொறியியல் கணிப்பு மென்பொருள் விற்கும் அன்சிஸை 2025 ஜூலையில் வாங்கி முடித்தது. இனி அதன் மொத்த வருவாயில் சிப்புக்கு எவ்வளவு, விமான இறக்கையின் காற்றோட்டக் கணிப்புக்கு எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துக் காட்டுங்கள். பங்குச் சந்தைக்கே வராத சிறு நிறுவனங்களின் எண்களை எந்தக் கூட்டலில் பிடிப்பீர்கள்?

அண்ணனின் அடுத்த குற்றச்சாட்டு எனக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது. சிப்பின் எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம் என்ற மின்சிக்கனத் திட்டத்தை எழுத யுபிஎஃப், சிபிஎஃப் என்று இரண்டு போட்டிக் கோப்பு வடிவங்களைக் கொண்டுவந்து நம்மைச் சாகடித்தது இந்தச் சங்கம்தானே என்றார். இல்லை. யுபிஎஃப் வந்தது அக்செல்லெரா வழியாக. சிபிஎஃப் வந்தது கேடன்ஸிடமிருந்து எஸ்ஐ2 வழியாக. அக்செல்லெரா, எஸ்ஐ2 இரண்டும் தர நிர்ணயத்துக்கான வேறு அமைப்புகள். யுபிஎஃப் 2009 இல் ஐஇஇஇ 1801 என்ற பொதுத் தரநிலை ஆன பிறகும் ஒரே மின்திட்டத்தை இரண்டு வடிவங்களிலும் எழுதி, இரண்டும் ஒன்றுதானா என்று இரவெல்லாம் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எதிர் வீட்டுக்காரன் பட்ட கடனை இந்த வீட்டுக் கதவைத் தட்டி வசூலிப்பது என்ன நியாயம்? இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், மாணவர்கள் முன்னிலையில், எந்த அமைப்பு எதைச் செய்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

உண்மையில் இந்தச் சங்கம் நமக்குச் செய்த நன்மை ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பை எந்த ஆண்டு வரை எல்லா நிறுவனங்களும் ஆதரிக்கும் என்று ஒரு பொது வரைபடம் வெளியிட்டார்கள். என் முதல் வேலையில் மேசையடியில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒரு டூல் பழைய லினக்ஸ் பதிப்பில்தான் ஓடும், இன்னொன்று புதியதில்தான் ஓடும், கோப்புகளை அங்குமிங்கும் நகலெடுப்பதிலேயே என் இளமையின் ஒரு பகுதி போயிற்று. அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த வரைபடத்தின் அருமை தெரியும்.

விருதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிப் வடிவமைப்பைச் சோதிக்கும் கருவிகள் செய்த குவிக்டர்ன் நிறுவனத்தை நடத்தி 1992 இல் மறைந்த ஃபில் காஃப்மன் பெயரில் 1994 முதல் வழங்கப்படும் விருது அது. 2005 இல் அதைப் பெற்றவர் ஃபில் மூர்பி, சிப்பின் சுற்றுகளை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியை உருவாக்கியவர். சனிக்கிழமை சிரித்த முகங்களில் பாதிப்பேர் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் தட்டச்சு செய்தது அந்த மொழியில்தான், அல்லது அதன் வாரிசில்தான். முதல் பெண்ணாக மேரி ஜேன் இர்வின் பெறுவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். விருந்து என்று சிரிக்காதீர்கள்.

அது விற்பவர்களின் சங்கம்தானே, வாங்குபவனுக்காக எப்போது பேசியது என்று சிலர் கேட்பார்கள். விற்பவர்களின் சங்கம் விற்பவர்களுக்குத்தான் பேசும். மண்டிச் சங்கம் மஞ்சள் வாங்குபவனுக்காகவா பேசும்?

கள்ளப் பயன்பாட்டைத் தடுக்க அவர்கள் எடுக்கும் முயற்சிகளைப் பற்றியும் கேலி வந்தது. ஒரே லைசென்ஸை இரண்டு சர்வர்களில் ஏற்றி ஓட்டுவதைப் பிடிக்க ஒரு நெறிமுறையே வகுத்திருக்கிறார்கள். அதில் என்ன தவறு? இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்கும் முன்பு நானே ஒப்புக்கொள்கிறேன்: என் இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் கிராக் செய்த மென்பொருளில்தான் ஓடியது. எங்கள் ஆய்வகத்தில் முறையான லைசென்ஸ் பத்து இருந்தது, மாணவர்கள் அறுபது பேர் இருந்தோம். வரிசையில் நின்று பார்த்து, இரவு இரண்டு மணிக்கு முறை வந்து, அப்போது மின்சாரம் போய், கடைசியில் ஒரு நண்பன் கொடுத்த குறுந்தட்டை வாங்கிக்கொண்டேன். அந்தத் தவறை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தட்டு இல்லையென்றால் நான் இந்தத் துறைக்குள் வந்திருக்கவே மாட்டேன் என்பதையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 85,000 சிப் வடிவமைப்புப் பொறியாளர்களை உருவாக்கும் இலக்குடன் இந்திய அரசு 2022 இல் ஒரு திட்டம் தொடங்கி, பெங்களூருவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாகக் கல்லூரிகளுக்கு முறையான டூல்களைக் கொடுக்கிறது. எனக்குக் கிடைக்காதது அந்த மாணவிக்குக் கிடைக்கிறது, மகிழ்ச்சிதான்.

சங்கத்துக்காக இவ்வளவு வாதாடிவிட்டு, நேற்றிரவு அந்த அட்டவணையை மறுபடி திறந்து பார்த்தேன். வட்டாரங்கள் நான்கு: அமெரிக்காக்கள்; ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ஒன்று; ஜப்பான்; ஆசிய பசிபிக். ஜப்பானுக்குத் தனி வரி இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் நாங்கள் ஆசிய பசிபிக்கில் எங்கோ இருக்கிறோம். அங்கேகூட முழுதாக இல்லை. கணக்கு வாங்கும் இடத்தை வைத்துப் போடப்படுவதால், எங்கள் தளத்தில் இரவு பகலாக ஓடும் லைசென்ஸ்களைத் தலைமை அலுவலகம் கலிஃபோர்னியாவில் வாங்கினால் அவை அமெரிக்க வரியில் போய்ச் சேர்ந்துவிடும். பதினேழு ஆண்டுகளாக நான் ஓட்டிய சிமுலேஷன்கள் எந்த வரியில் இருக்கின்றன என்று விரலை வைத்துத் தேடினேன். அண்ணா, நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அடுத்த காலாண்டு அறிக்கை வந்ததும் வழக்கம்போல் தமிழில் எழுதுவேன். அந்த இன்னொருவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து பின்னூட்டத்தில் வந்து ஒரு வணக்கம் போடுங்கள்.