பதினாறு வயதில் போடும் கோடு

நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் அறிவியல். மார்க் குறைந்தால் கலைப் பிரிவு. எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பல நாடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை இந்த அளவுகோல்தான் இரண்டாகப் பிரிக்கிறது. அப்படிப் பிரிந்தவர்கள் அப்புறம் ஒரே வகுப்பறையில் உட்காரப் போவதில்லை. ஒருவருக்கு வரலாறும் இலக்கியமும் அத்தோடு சரி. இன்னொருவருக்குக் கணக்கும் இயற்பியலும் அத்தோடு சரி. இதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் சி. பி. ஸ்னோவின் பெயர் வந்துவிடும். இயற்பியல் ஆராய்ச்சியில் தொடங்கி நாவலாசிரியராக ஆனவர். 1959-ல் கேம்பிரிட்ஜில் ‘இரண்டு பண்பாடுகள்’ என்று ஓர் உரை நிகழ்த்தினார். இலக்கியம் கற்றவர்கள் கூடிய இடங்களில் இயற்பியலின் அடிப்படை விதிகளில் ஒன்றான வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்த்ததாகவும், யாராலும் முடியவில்லை என்றும், அறிவியலில் அது ‘ஷேக்ஸ்பியர் படித்திருக்கிறீர்களா’ என்று கேட்பதற்குச் சமமான கேள்விதான் என்றும் சொன்னார். 1962-ல் விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் பதில் சொல்கிறேன் என்று ஸ்னோவையே கிழித்துத் தொங்கப்போட்டார். இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துபோனது ஒன்று உண்டு. ஸ்னோவின் பெரிய கவலை பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி. உரைக்கு ‘பணக்காரர்களும் ஏழைகளும்’ என்றே பெயர் வைக்க நினைத்திருந்ததாகப் பிற்பாடு அவரே எழுதினார். அந்தக் கவலையை அப்படியே விட்டுவிட்டு, யார் பெரியவர் என்ற பஞ்சாயத்தைத்தான் அறுபது வருடத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கலைப் பாடங்களுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. அறிவியல் மூளையை வளர்க்கும், இலக்கியம் இதயத்தை வளர்க்கும், இலக்கியம் படித்தவர்கள் இரக்கமுள்ளவர்களாக இருப்பார்கள் என்பது அந்த வாதம். ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் 1921-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். நாவலும் எழுதியிருக்கிறார். இரக்கத்தை எந்தத் துறையும் குத்தகைக்கு எடுத்திருக்கவில்லை. இந்த வாதத்தால் வேறொரு கெடுதலும் நடக்கிறது. கலைப் பாடம் என்பது மனதுக்கு இதம் தரும் ஒரு கூடுதல் வசதி, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது என்று ஆகிவிடுகிறது. நிதி குறையும்போது முதலில் கத்தி விழுவது அங்கேதான்.

நான் சொல்ல வருவது வேறு. வரலாறு, மொழி, தத்துவம், சமூகவியல் எல்லாமே சான்றை எடைபோடும் பயிற்சிகள். அறிவியலும் அதுவேதான். கையில் எடுக்கும் பொருள் வேறு, அவ்வளவுதான். ஒரு வகைச் சான்றை மட்டும் எடைபோடக் கற்றவர் மற்ற வகை எதிரே வந்து நின்றாலும் அதைச் சான்று என்றே கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒரு களிமண் பலகை. கி.மு. 136, ஏப்ரல் 15. இன்றைய ஈராக்கில் இருந்த பழைய நகரமான பாபிலோனில் காலை நேரத்தில் முழுச் சூரிய கிரகணம். அங்கே தினமும் வானத்தைப் பார்த்துக் குறித்து வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அன்று அவர்கள் ஈரக் களிமண்ணில் ஆப்பெழுத்தில், அதாவது ஆப்பு வடிவக் குறிகளால் ஆன பழைய எழுத்தில், எழுதியது இன்றைக்கும் இருக்கிறது. சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்து கிரகணம் தொடங்கியது, முழுதாக மறைய எவ்வளவு நேரம் பிடித்தது, இருட்டியபோது வெள்ளியும் புதனும் தெரிந்தன, அந்தப் பருவத்தில் கண்ணுக்கே தட்டுப்படாத வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன என்று ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பூமி இன்றைக்குச் சுற்றுகிற அதே வேகத்தில்தான் எப்போதும் சுற்றியது என்று வைத்துக்கொண்டு அந்தக் கிரகணத்தின் நிழல் போன பாதையைக் கணக்கிட்டால், அது பாபிலோன் பக்கமே வராது. ஏறக்குறைய 49 பாகை மேற்கே தள்ளி, மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் இருக்கும் மயோர்கா தீவு வழியாகப் போகும். ஆனால் நிழல் பாபிலோனில் விழுந்ததைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் பூமி என்ற கடிகாரம் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிசகியிருக்கிறது. காரணம், நிலவு எழுப்பும் அலையேற்றம் பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுக்கிறது. ஒரு நாளின் நீளம் ஒரு நூற்றாண்டுக்கு 2 மில்லி விநாடிக்கும் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது. அந்தச் சொற்ப வித்தியாசம் ஏழு லட்சத்துக்கும் அதிகமான நாட்களில் சேர்ந்து சேர்ந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ரிச்சர்ட் ஸ்டீபன்சன், லெஸ்லி மோரிசன் போன்ற வானியலாளர்கள் பாபிலோன், சீனா, அரபு நாடுகள் என்று பழைய ஆவணங்களைத் தோண்டிப் பல பத்தாண்டுகள் உழைத்து இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். அலையேற்றத்தால் மட்டும் நாள் நீள வேண்டிய அளவுக்கு நீளவில்லை என்பதும் இதில் தெரியவந்தது. பனியுகத்தில் பனிப்பாறை அழுத்திய நிலப்பகுதிகள் இன்னும் மேலெழும்பிக்கொண்டிருப்பதால் பூமியின் வடிவம் மெல்ல மாறி, சுழற்சிக்குச் சின்ன உந்துதல் கிடைக்கிறது. இத்தனையும் ஒரு களிமண் பலகையிலிருந்து!

அந்தப் பலகையை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே. ஆபிரகாம் சாக்ஸ், ஹெர்மன் ஹங்கர் என்ற இரண்டு மொழியறிஞர்கள் பாபிலோனின் வானியல் நாட்குறிப்புகளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பித்தார்கள். சிதைந்த மூலையில் இருப்பது இந்தக் குறியா அந்தக் குறியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ‘இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்’ என்று கேட்கத் தோன்றும் வேலை. அது இல்லாவிட்டால் மேலே சொன்ன இயற்பியல் கணக்குக்கு விடையைச் சரிபார்க்க வழியே இல்லை.

ஆப்பெழுத்தைப் படித்துவிட்டோம் என்று அறிஞர்கள் சொன்னபோது உலகம் சும்மா நம்பிவிடவும் இல்லை. 1857-ல் லண்டனில் உள்ள ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி ஒரு சோதனை வைத்தது. ஒரே அசீரியக் கல்வெட்டை ராலின்சன், ஹிங்க்ஸ், ஒப்பெர்ட், டால்பட் ஆகிய நான்கு பேரும் ஒருவருக்கொருவர் கலந்து பேசாமல் தனித்தனியாக மொழிபெயர்த்தார்கள். முத்திரையிட்ட உறைகளைப் பிரித்து நடுவர் குழு ஒப்பிட்டது. முக்கியமான இடங்களில் எல்லாம் நன்றாகவே ஒத்துப்போயின. ஆய்வகத்தில் ஒரு மருந்தைச் சோதிக்கும்போது எதிர்பார்க்கிற அதே கறார்த்தனம் இது. அந்த நான்கு பேரில் ஒருவரான டால்பட் யார் தெரியுமா? புகைப்படக் கலையின் முன்னோடி. நெகட்டிவ்வில் இருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர், கணித அறிஞரும்கூட. அவரைப் பதினாறு வயதில் நிறுத்தி ‘நீ எந்தப் பக்கம்’ என்று கேட்டிருந்தால் ஏதோ ஒன்றை நாம் இழந்திருப்போம்.

இது பழைய கதை, இன்றைய வாழ்க்கைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சரி, பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் அல்லவா? அமெரிக்காவில் ஏமி மோரன்-தாமஸ் என்ற மானுடவியலாளர் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனார். இந்தக் கருவியை யாருடைய விரல்களில் சோதித்து அளவு வகுத்தார்கள் என்று தேடினார். கறுத்த தோலில் அது ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுவதாக 1990-லும் 2005-லும் வந்த ஆய்வுகள் யாரும் பொருட்படுத்தாமல் கிடந்தன. 2020 ஆகஸ்டில் அவர் இதையெல்லாம் கோத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தபோது 88-க்கும் கீழே இருந்த நிகழ்வுகள் எத்தனை? வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். மூன்று மடங்கு. ‘பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லும் எண்ணுக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறும் உடல். கேள்வி மானுடவியலிலிருந்து வந்தது, எண்கள் மருத்துவத்திலிருந்து வந்தன. ஒளியின் இயற்பியல் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் முப்பது வருடம் சும்மா கிடந்தது, ‘யாரை வைத்து அளந்தீர்கள்’ என்று கேட்கும் பழக்கம் இல்லாததால். ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் வரலாற்று மாணவர் கேட்கப் பழகும் முதல் கேள்வியே அதுதான். இன்று எல்லோரும் டேட்டா, டேட்டா என்கிறோம். டேட்டா என்பதும் யாரோ, எப்போதோ, ஏதோ ஒரு காரணத்துக்காகக் குறித்து வைத்த ஆவணம்தான்.

அதற்காகக் கலைப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ‘எனக்கும் கணக்குக்கும் ரொம்ப தூரம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் படித்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அதன் விலை என்ன என்பதற்கு 1995-ல் பிரிட்டனில் நடந்ததே போதும். புது வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது. செய்திகள் ‘இரண்டு மடங்கு’ என்று அலறின. எதன் இரண்டு மடங்கு? பழைய மாத்திரையில் 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, புதியதில் 7000-க்கு இருவருக்கு. அந்த இரண்டாவது வாக்கியம் மக்களிடம் போய்ச் சேரவில்லை. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறக்குறைய 13,000 கூடியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வகுத்தல் கணக்கு. அதை மக்களுக்குப் புரியும்படி எழுதத் தெரிந்த ஒரு பேனா. இரண்டும் ஒரே ஆளிடம் இல்லாமல் போனதற்கு யாரோ ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்பால் விலை கொடுத்தார்கள்.

எந்தப் படிப்பு மேல், எந்தப் படிப்பு கீழ் என்று ஓர் அரசே தீர்மானித்தால் எதுவரை போகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழக மாணவர்களுக்கு ராணுவச் சேவையைத் தள்ளிப்போடும் சலுகை இருந்தது. 1943-ல் அதை ரத்து செய்தார்கள். ஆனால் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குச் சலுகை தொடர்ந்தது. இலக்கியமும் சட்டமும் தத்துவமும் படித்த இளைஞர்கள் அக்டோபர் 21 அன்று டோக்கியோவில் கொட்டும் மழையில் தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்துப் போனார்கள். நிறைய பேர் திரும்பவில்லை. போர் முடிந்து எழுபது வருடம் கழித்து, 2015 ஜூனில், அதே நாட்டின் கல்வி அமைச்சகம் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. கலை, சமூக அறிவியல் துறைகளை மூடுங்கள், அல்லது சமூகத்துக்குத் தேவைப்படும் துறைகளாக மாற்றுங்கள் என்ற தொனியில். எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சகம் விளக்கம் சொல்லிச் சமாளித்தது.

வீடுகளில் நடப்பது இவ்வளவு கொடூரம் இல்லைதான். ஆனால் தொனி அதே தொனி. ‘பிள்ளை என்ன படிக்கிறாள்?’ ‘வரலாறு.’ ஒரு நொடி மௌனம். அப்புறம் ‘அப்படியா... வேற எதுவும் கிடைக்கலையா?’ எதிரில் நிற்கும் அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் விரும்பி எடுத்த பாடம் அது. பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பாவே ‘ஆமா, மார்க் கொஞ்சம் குறைஞ்சிருச்சு’ என்று இல்லாத காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். இதற்கு நேர்மாறாக, கவிதை எழுதுகிற பையனை ‘நேரத்தை வீணாக்காதே’ என்று பொறியியலுக்குள் தள்ளிவிடும் வீடுகளும் இருக்கின்றன.

கோட்டை அழித்துவிட்டால் போதுமா? சீனா முயன்று பார்த்தது. 2014-ல் ஷாங்காயிலும் ஜெஜியாங் மாகாணத்திலும் கலை, அறிவியல் என்ற பிரிவினையை எடுத்துவிட்டு, விருப்பமான மூன்று பாடங்களை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். இயற்பியலோடு வரலாறும் எடுக்கலாம். நடந்தது என்ன? மார்க் அந்தப் பாடம் எடுத்தவர்களுக்குள் தரவரிசைப்படி கிடைப்பதால், கெட்டிக்காரர்கள் குவியும் இயற்பியல் பக்கம் போனால் அடிபடுவோம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு விலகினார்கள். இயற்பியல் எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். பின்னால் சீர்திருத்தத்தில் சேர்ந்த பல மாகாணங்களில் இயற்பியல் அல்லது வரலாறு, இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அழித்த கோடு வேறு பெயரில் திரும்ப வந்துவிட்டது.

ஆகவே பாடப் பட்டியலை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதினெட்டு வயது வரை எல்லோருக்கும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். ஆனால் எதிர்ப்பக்கப் பாடத்தின் மார்க் எந்தத் தரவரிசையிலும் சேரக் கூடாது. இயற்பியல் மாணவி ஒரு பழைய கடிதத்தை எடுத்து யார் எழுதியது, ஏன் எழுதினார்கள், எதை மறைத்தார்கள் என்று நான்கு பக்கம் எழுதட்டும். இலக்கிய மாணவர் செய்தித்தாளில் வரும் ஒரு சதவீதத்தை எடுத்து, அதன் பின்னால் இருக்கும் மூல எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். திருத்துகிற ஆசிரியர் எதிர்த்துறைக்காரராக இருக்கட்டும். ஆசிரியர் நியமனம், பாட நேரம் என்று ஆயிரம் சிக்கல் வரும் என்பது தெரியும். அதையெல்லாம் உட்கார்ந்து பேசலாம். வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர்கள் இதில் எது நடக்கும், எது நடக்காது என்று கீழே எழுதுங்கள்.