வட்டம் போட்டால் எழுத்துரு ஆகிவிடுமா?

ஃபான்ட் (எழுத்துரு) செய்யக் கற்றுத் தருகிறேன் என்று நேற்றிலிருந்து ஒரு வீடியோ சுற்றுகிறது, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் பகிரப் போவதில்லை. ரெண்டு வட்டம், நாலு கோடு, இருபது நிமிஷம், ஜியோமெட்ரிக் ஃபான்ட் (வட்டமும் நேர்கோடுமாகத் தெரிகிற எழுத்துரு) ரெடி! கடைசியில் ஒரு வரி: "ஃப்யூச்சராவும் இப்படிச் செஞ்சதுதான்." இல்லவே இல்லை.

அந்த வகையில் பேர்போன எழுத்துருவான ஃப்யூச்சரா 1927-இல் வெளிவந்தது. அதை வடிவமைத்த பால் ரென்னரின் ஆரம்ப வரைவுகளில் வடிவியல் பிடிவாதம் தூக்கலாகத்தான் இருந்தது. ஆங்கிலச் சிறிய 'ஆர்' (r) என்பதே ஒரு கோடும் பக்கத்தில் ஒரு புள்ளியும். புழக்கத்தில் நிலைத்தது அதுவல்ல, கண்ணுக்காகத் திருத்திய வடிவம்.

கோடு எங்கும் ஒரே தடிமனாகத் தெரிய வேண்டுமானால், ஒரே தடிமனாக இருக்கக் கூடாது. படுக்கைக் கோடு கண்ணுக்குக் கனமாகத் தெரியும். செங்குத்துக்கு 84 யூனிட் (எழுத்துரு வரைகிற அளவு) வைத்தால் படுக்கைக்கு 76 போல இறக்க வேண்டும். 'ஹெச்' 700 யூனிட் உயரமென்றால் 'ஓ' மேலும் கீழும் பத்துப் பத்து யூனிட் வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் குள்ளமாகத் தெரியும். கூர்முனை 'ஏ' (A) இன்னும் கொஞ்சம் நீளும். அந்த வீடியோவில் சிறிய 'என்' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளைவு தண்டை, அதாவது செங்குத்துக் கோட்டை, தொடுகிற இடத்தில் மை அப்பின மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. அங்கே கோட்டை மெலிக்க வேண்டும். காம்பஸ் மெலிக்காது, கண்தான் மெலிக்கும்.

"பத்து யூனிட்டை யார் சார் பார்க்கிறார்கள்?" யாரும் பார்ப்பதில்லைதான். 'ஏதோ சரியில்லையே' என்று மட்டும் தோன்றும். ஆயிரம் யூனிட்டை ஒரு மீட்டராக்கி பேனர் அடித்தால் அந்தப் பத்து, ஒரு சென்டிமீட்டர். 2009-இல் ஐக்கியா ஃபர்னிச்சர் கம்பெனி ஃப்யூச்சராவை விட்டு வெர்டானா என்கிற எழுத்துருவுக்கு மாறியபோது எவ்வளவு கூச்சல்! கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் ஸ்கேல் வைத்தா அளந்தார்கள்?

"இது மினிமலிசம், குறைவே அழகு" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"நீளமான பத்திக்கு ஜியோமெட்ரிக் ஆகாது" என்று ஒருவர் சொன்னது மட்டும் நியாயம். ஒற்றை வயிற்றுச் சிறிய 'ஏ' (வட்டமும் பக்கத்தில் ஒரு கோடுமான ɑ) பொடி அளவில் 'ஓ' மாதிரி ஆகிவிடும். பெரிய 'ஐ'யும் (I) சிறிய 'எல்'லும் (l) வெறும் குச்சிகள், பாஸ்வேர்டு அச்சிட்டால் தொலைந்தோம். தலைப்பு, லோகோ, சில வரி பெரிய எழுத்து, இதற்குத்தான் லாயக்கு. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டு வந்த பலகையில் ஃப்யூச்சரா பொருந்தியது அதனால்தான்.

சரி, வடிவத்தை விடுங்கள். இடைவெளி? ரெண்டு தண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தள்ளி வைக்கணும், ரெண்டு வட்டம் வந்தால் நெருக்கணும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுத்தால் சொல்லுக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மாசக்கணக்கில் ஆகிற வேலை இது. வெளியே தெரியாத வேலை, அதனால் வேலையே இல்லை! லைசன்ஸ் விலை சொன்னால் மட்டும் "ஒரு வட்டத்துக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தெரிகிறது. கூடவே, "இதையே போல்டாக்கித் தந்துடுங்களேன், அஞ்சு நிமிஷ வேலைதானே." கோட்டைத் தடிமனாக்கினால் எழுத்துக்குள் இருக்கிற வெற்றிடம் அடைபடும், எழுத்தை அகலப்படுத்தணும், கோடுகள் கூடுமிடங்களை மறுபடி மெலிக்கணும், இடைவெளி மொத்தமும் திரும்பப் போடணும். அஞ்சு நிமிஷமாம்.